கண்ணாடிக் கட்டிலும் கடைசிக் கட்டிலும்

பேறுகால வாட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைமாரே, தம்பிமாரே, பிரஷர் பார்ப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதை இப்போது மெஷினே பார்த்துச் சொல்லிவிடுகிறது. நான் எழுத வந்தது மெஷினில் விழாத விஷயங்களை. முதலாவது இது: ஒரு வாட்டில் அடக்குவதற்கு ஆகக் கஷ்டமான ஆள் நோயாளி அல்ல, நோயாளியின் வாப்பா. அதுவும் அவர் அரிசி ஆலை வைத்திருக்கிற ஹாஜியாராக இருந்து, அவருடைய மகள் பல வருடம் பிள்ளையில்லாமல் காத்திருந்து, கொழும்பில் சிகிச்சை எடுத்து, இரட்டைப் பிள்ளையும் உண்டாகிவிட்டால், அந்த வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் பென்சனை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. நான் போகவில்லை. போயிருந்தால் உங்களுக்குச் சொல்ல இந்தக் கதை இருந்திருக்காது.

எங்கள் ஆஸ்பத்திரி கரையோர ஊர்களுக்கெல்லாம் பொதுவானது. சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் வருவார்கள், உள்ளே மாவடிப்பள்ளி, வீரமுனைப் பக்கமிருந்தும் வருவார்கள். பேறுகால வாட்டில் தாதியரின் மேசையை ஒட்டி ஒரு கட்டில் இருந்தது. நான் பொறுப்பெடுக்கும் முன்பே அதற்குக் கண்ணாடிக் கட்டில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிகிச்சை எடுத்துப் பிள்ளை உண்டான தாய்மாருக்குத்தான் அந்தக் கட்டில். அதில் படுக்கிறவரைக் கண்ணாடிச் சாமானைப் போலத்தான் எல்லோரும் தொடுவார்கள். டொக்டர்மார் முதலில் அங்கே போவார்கள், மெதுவாகக் கதைப்பார்கள், போகும்போது ஒருதரம் திரும்பியும் பார்ப்பார்கள். சிகிச்சை எதுவும் இல்லாமல் சும்மா உண்டானவர்கள் பின் ஜன்னல் பக்கம். அங்கே கடற்காற்று நன்றாக வரும், டொக்டர்மார் கடைசியாக வருவார்கள்.

இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. யாரும் கெட்ட மனதோடு செய்ததும் இல்லை. ஒரு குடும்பம் எவ்வளவு அழுதது என்பதைப் பார்த்து வாட்டு கட்டில் கொடுத்துப் பழகியிருந்தது, அவ்வளவுதான். பிள்ளை ஏங்கிப் பெற்ற குடும்பத்தைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். ஆனால் கண்ணீரின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றல்ல என்பதை அந்த வாட்டுக்கு எடுத்துச் சொல்ல ஒரு சமையல்காரரும் நான்கு ஆடுகளும் தேவைப்பட்டன.

ஹாஜியாரின் மகள் பர்ஹானா எட்டாம் மாதத்தில் வாட்டுக்கு வந்தாள். வந்தாள் என்று சொல்வது பிழை, கொண்டுவரப்பட்டாள். ஒரு வேன் நிறைய ஆட்கள். சொந்தத் தலையணை, சொந்த மேசைக் காற்றாடி, சொந்த வெந்நீர்ப் போத்தல். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற பர்ஹானாவின் கணவர் அந்தக் கூட்டத்தில் சாமான் தூக்குகிற ஆளாகத்தான் இருந்தார். மாமனார் கதைத்துக்கொண்டிருந்தார், மருமகன் தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், எங்கட மகள் நடக்கப்படா, புரண்டு படுக்கப்படா, சத்தமாச் சிரிக்கவும் படா,” என்றார் ஹாஜியார்.

“மூச்சு விடலாமா?” என்று கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டு, “மெதுவா விடட்டும்,” என்றார்.

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பர்ஹானா ஒருதரம் இருமினால் போதும், அவளுடைய உம்மா “இருமாதகா, புள்ள வழுகிரும்!” என்று கட்டிலின் இரண்டு பக்கமும் கையைப் போட்டுப் பிடித்துக்கொள்வார். பர்ஹானா என்னிடம் ரகசியமாகக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “சிஸ்டர், ஒருக்கா அந்தப் பின் ஜன்னல் வரைக்கும் நடந்து போய்க் கடக்காத்துப் படட்டா?”

அந்தப் பின் ஜன்னலுக்குப் பக்கத்தில், கடைசிக் கட்டிலில், மருதமுனை நபீசா இருந்தாள். கைத்தறி நெய்கிறவள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். இந்தத் தரம் இரட்டை, சும்மா உண்டானது. பெருநாள் சேலை வேலை கையில் இருந்ததால் கிளினிக்குக்குப் பிந்தித்தான் வந்தாள். வயிறு பெரிதாக இருக்கிறதே என்று மருத்துவமாது பிடித்து அனுப்பிய பிறகுதான் இரட்டை என்றே தெரியும். ஆரம்ப மாதங்களில் எடுத்திருக்க வேண்டிய ஸ்கேன் அவளுக்கு எடுக்கப்படவில்லை.

நபீசா கட்டிலில் இருந்து நான் கண்டது குறைவு. வாட்டைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பாள். கட்டிலுக்கு மேலே கிழிந்த நுளம்பு வலையைக் கண்டால் தைப்பாள், துவைத்து வந்த துணியைக் கண்டால் மடிப்பாள், பர்ஹானாவின் ஆட்கள் போன பிறகு அவளிடம் வந்து, “என்ன கண்ணாடி, இன்னும் உடையல்லயா?” என்று கேட்டுச் சிரிக்க வைப்பாள். அவளை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் நபீசா என்னிடம் வந்து வீட்டுக்குப் போக விடச் சொல்வாள். தறியில் பாதிச் சேலை கிடக்கிறது, தறி தூசு பிடிக்கும் என்பதுதான் அவளுடைய கவலை.

இங்கே கொஞ்சம் பாடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையில் உண்டாகும் இரட்டைகள் பெரும்பாலும் இரண்டு கருவிலிருந்து வந்தவை. ஆளுக்கொரு நஞ்சுக்கொடி இருக்கும், ஒருவர் பங்கில் மற்றவர் கை வைக்க முடியாது. சும்மா உண்டாகும் இரட்டைகளிலும் அப்படி உண்டு. ஆனால் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளும் ஒரே நஞ்சுக்கொடியில் தொங்குவது சும்மா உண்டாகிறவர்களில்தான் கூடுதலாக நடக்கும். அப்படிப் பங்கு போடும்போது சில வேளை கணக்குப் பிழைத்துவிடும். ஒரு பிள்ளைக்கு இரத்தம் கூடிப்போகும், அதைச் சுற்றி நீர் நிரம்பும். மற்றப் பிள்ளை வற்றிப்போகும். இது எங்கே உண்டான பிள்ளை என்று நஞ்சுக்கொடிக்குத் தெரியாது. எத்தனை வருடம் அழுதார்கள் என்பதும் தெரியாது.

இனி ஆட்டுக்கு வருகிறேன்.

பிள்ளை பிறந்து ஏழாம் நாள் பெயர் வைத்து, முடி இறக்கி, ஆடு அறுத்து அகீகா கொடுப்பது எங்கள் வழக்கம். ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஒன்று. பல வருடம் காத்திருந்த ஹாஜியார் இந்த அகீகாவை ஊர் மறக்காதபடி கொடுக்க நினைத்தார். அதற்கு ஊரில் பேர்போன ஒரு விருந்துச் சமையல்காரர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்தச் சமையல்காரரோ கல்யாண வீடுகளுக்கு நாள் கொடுத்து முடித்துவிட்டு, ஒரே ஒரு வியாழக்கிழமைதான் மிச்சம் என்று சொல்லியிருந்தார். ஹாஜியார் அந்த வியாழக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு பெரிய டொக்டரிடம் போனார்.

“டொக்டர், வியாழன் ஏழாம் நாள் வரோணும் எண்டா புள்ளைகள் வெள்ளிக்கெழம பொறக்கோணும். சமையல்காரனுக்கு வேற நாள் இல்ல.”

பெரிய டொக்டர் எங்கள் பக்கத்து ஆள் அல்ல. பிரசவத் திகதியை வயிற்றை வைத்துத்தான் முடிவுசெய்யலாம், அடுப்பை வைத்து அல்ல என்று நினைத்துக்கொண்டிருந்தவர். ஆனால் பர்ஹானாவுக்கு அந்த வாரத்தில் எந்த நாளும் சிசேரியன் செய்யலாம் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஹாஜியார் வெள்ளிக்கிழமை காலையை, ஜும்ஆத் தொழுகைக்கு முந்திய நேரத்தை, எழுதி வாங்கிவிட்டார்.

அடுத்த சிக்கல், எத்தனை ஆடு? ஆணா பெண்ணா என்று ஸ்கேன் அறையில் சொல்லமாட்டார்கள். ஹாஜியார் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சிஸ்டர், நான் ஆணா பொண்ணா எண்டு கேக்கல்ல. அது சட்டத்துக்கு மாறு. ஆடு எத்தின எண்டு மட்டும் சொல்லுங்க.”

“ஹாஜியார், எனக்கு ஆட்டுக் கணக்குத் தெரியாது.”

“ரெண்டா, மூணா, நாலா? கையால காட்டினாலும் போதும்.”

நான் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் நான்கு கிடாய் வாங்கிக் கட்டிவிட்டார். அதன் படங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் வந்தன. கத்தாரில் இருக்கிற உறவுக்காரர்கள் ஆடுகளுக்கு மாஷா அல்லாஹ் சொன்னார்கள். பர்ஹானா எனக்கும் காட்டினாள். நல்ல ஆடுகள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வந்தது. குறைமாதப் பிள்ளைகளின் அறையில் அன்று இன்னும் இரண்டே பிள்ளைகளுக்குத்தான் இடம் இருந்தது. பர்ஹானாவுக்கு அதற்குள் மாதம் நிறைந்திருந்தது, பிள்ளைகளும் நன்றாக வளர்ந்திருந்தார்கள், பெரும்பாலும் அந்த அறை தேவைப்படாது. ஆனாலும் கண்ணாடிக் கட்டிலின் பிள்ளைகள் அல்லவா, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு இடத்தையும் அவர்களுக்கே பிடித்து வைத்திருந்தார்கள். பெரிய டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார். வாட்டில் சின்ன டொக்டர் இருந்தார், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். நல்ல பிள்ளை. ஹாஜியாரைக் கண்டால் மட்டும் அவருக்கு வியர்க்கும்.

பர்ஹானாவைத் தியேட்டர் உடுப்போடு சக்கர நாற்காலியில் உட்கார வைத்து என் மேசைக்கு முன்னால் கொண்டு வந்தார்கள். முன்னுக்கு ஹாஜியார், பக்கத்தில் உம்மா, பின்னால் தலையணையோடு அவளுடைய கணவர், அந்தக் கணித மாஸ்டர். அந்த நேரம் பார்த்து வாட்டின் கடைசியிலிருந்து நபீசா வந்தாள். அபாயா போட்டு, பையைத் தோளில் மாட்டி, புறப்பட்டுவிட்ட கோலம்.

“சிஸ்டர், நான் போறன். அவர் ஓட்டோ கொண்டுவந்து வாசல்ல நிக்காரு. கையெழுத்து எங்க போட?”

“யாரும்மா உங்களைப் போகச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லல்ல. அதான் நானே சொல்றன்.” அவள் பர்ஹானாவைப் பார்த்துச் சிரித்தாள். “கண்ணாடி, உங்கட புள்ளைகள் வரக்க நான் இல்ல. மறுகா வந்து பாக்குறன். செருப்புக் கூட மாட்ட ஏலாமப் போச்சு, குனிய விடுதில்ல இந்த வயிறு. ராவு சாப்பிட்டது வாய்வா நிக்கிது போல. பாவு இழுத்துக் கட்டின மாதிரி இறுகிக் கிடக்கு.”

தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுவதை நீங்கள் மருதமுனையில் பார்த்திருப்பீர்கள். விரலால் தட்டினால் நூல் அதிரும். ஒரு வயிறு அப்படி இறுகக்கூடாது.

பர்ஹானா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ராத்தா, நேத்தைக்கு இவ்வளவு இல்ல. நேத்து இந்த அபாயா உங்களுக்குத் தொளதொளத்துக் கிடந்தது.”

நான் எழுந்து போய் நபீசாவின் வயிற்றில் கை வைத்தேன். தோல் மினுங்கியது. தலை எங்கே, கால் எங்கே என்று ஒன்றும் கைக்குப் படவில்லை, எல்லாம் நீர். ஸ்கேன் உடனே வேண்டும் என்று சின்ன டொக்டரிடம் சொன்னேன்.

அவர் தியேட்டர் பக்கம் பார்த்தார், ஹாஜியாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“சிஸ்டர், தியேட்டரில் எல்லாரும் காத்துக்கொண்டு நிற்கிறாங்க. இவவுக்குச் சும்மா உண்டான இரட்டைதானே. ரெண்டு சுகப்பிரசவம் கண்டவ. இந்தக் கேஸை அனுப்பிவிட்டு வந்து ஆறுதலாப் பார்ப்பமே.”

“சும்மா உண்டானதாலதான் டொக்டர் எனக்குப் பயம். ஒரு கொடியா ரெண்டு கொடியா எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் பார்க்கல்ல.”

இந்த இடத்தில் எனக்குப் பயமில்லாமல் இருந்தது என்று நினைக்காதீர்கள். வாய்வாகவும் இருக்கலாம். வாய்வாக இருந்து, அதற்காக ஹாஜியாரின் மகளை வழியில் நிறுத்தினேன் என்றால், கல்முனைக் கடைத்தெருவில் எனக்குத் தலை காட்ட முடியாது. ஆனால் பர்ஹானாவை அனுப்பிவிட்டால் தியேட்டர் போய்விடும், குறைமாதப் பிள்ளைகளின் அறையும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு நபீசாவின் வயிற்றில் என்ன இருந்தாலும் மாதம் நிறையாத அந்தப் பிள்ளைகளை வைக்க இடமில்லை. தூர ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், போகிற வழியில் என்னவும் நடக்கலாம். நான் செய்தது பிழையானால் ஊர் சிரிக்கும், சும்மா இருந்தது பிழையானால் இரண்டு பிள்ளைகள் போய்விடும். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் எனக்கு மனம் தெளிந்தது. நீங்களும் அவசரத்தில் இப்படி வைத்துப் பாருங்கள்.

“இப்பவே ஸ்கேன்,” என்றேன்.

“எனக்கு ஒண்டும் இல்ல சிஸ்டர், ஓட்டோக்காரன் நிக்காரு!” என்று நபீசா.

“உங்கட புருசன்தானே ஓட்டோக்காரன்? நிக்கட்டும்.”

“சிஸ்டர், ஜும்ஆ!” என்று ஹாஜியார்.

“ஜும்ஆவுக்கு இன்னும் நேரம் கிடக்கு ஹாஜியார்.”

நபீசா வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தாள். அப்படியே நின்று சுவரைப் பிடித்தாள். அவளுடைய முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். அவளை உட்கார வைக்க நாற்காலி தேடினேன், அங்கே இருந்த ஒரே சக்கர நாற்காலியில் பர்ஹானா இருந்தாள்.

பர்ஹானா எழுந்து நின்றாள்.

அவளுடைய உம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வாட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மாஸ்டர் தலையணையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார், எதைப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பர்ஹானா யாரையும் பார்க்காமல் நபீசாவின் கையைப் பிடித்து, “ராத்தா, இதுல இரிங்க,” என்று உட்கார வைத்தாள். சின்ன டொக்டர் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடினார்.

ஸ்கேன் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. நஞ்சுக்கொடி ஒன்றுதான் இருந்தது. ஒரு பிள்ளை நீருக்குள் மிதந்துகொண்டிருந்தது. மற்றது நீரே இல்லாமல் ஒரு பக்கமாக ஒட்டிக் கிடந்தது. அதன் நெஞ்சுத் துடிப்பு ஓய்ந்து ஓய்ந்து வந்தது. சின்ன டொக்டரின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அவரை மெச்சுகிறேன். அவரே தியேட்டருக்குப் போன் எடுத்துப் பெரிய டொக்டரிடம் சொன்னார். பெரிய டொக்டர் சொன்ன பதில் போனுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“தியேட்டரும் இவவுக்கு, ரெண்டு இடமும் இவவுக்கு. மற்றவவைப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்க.”

நான் வெளியே வந்து ஹாஜியாரிடம் சொன்னேன். மனிதர் கொதித்துப்போனார்.

“அது என்ட மகளுக்கு வச்ச இடம் சிஸ்டர்! எத்தின வருசம் அழுது, எத்தின பள்ளிவாசலுக்கு நேர்ந்து, எத்தின ஆஸ்பத்திரி ஏறி இறங்கி... இவ சும்மா உண்டானவ. இவவுக்கு இன்னொண்டு கெடைக்கும்!”

கடைசிச் சொல் வாயை விட்டு வந்ததும் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும், அப்படியே நிறுத்திவிட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்பே பர்ஹானா கதைத்தாள். அந்த வாட்டில் அவள் சத்தமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

“வாப்பா, ஒரு நாளாவது என்னயக் கேளுங்க. என்ட புள்ளைகள் ரெண்டும் உதைக்குதுகள், சுகமா இரிக்குதுகள். அதுகள் ஒரு கெழம பொறுக்கும். இந்த ராத்தாட புள்ளைக்கு என்னவும் ஆகி, என்ட புள்ளைகள் அந்த இடத்துல படுத்தா, நான் அதுகள எந்த முகத்தோட பாக்குற? ஒவ்வொரு நாளும் எந்த முகத்தோட பாக்குற?”

ஹாஜியார் சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படியாக, “அப்ப... சமையல்காரன்?” என்றார்.

எனக்கு வந்த சிரிப்பை நான் எப்படி அடக்கினேன் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பர்ஹானா அடக்கவில்லை. முந்தின நாள் மாலையிலிருந்து பட்டினி கிடந்தவள், “சிஸ்டர், இடியப்பம் இரிக்கா?” என்று கேட்டாள். மாஸ்டர், மாமனாரிடம் கேட்காமலே, வாங்கிவர ஓடினார்.

நபீசாவைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் வாசலைப் பார்த்து, “தறிக்கு மேல சீலையப் போட்டு மூடி வைங்க! தூசு பிடிக்கும்!” என்று கணவருக்குச் சத்தம் வைத்தாள். அந்த மனிதர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அவருடைய கண் கலங்கியிருந்தது, தறி அவருக்கு நினைவிலேயே இருந்திருக்காது.

இரண்டும் ஆண் பிள்ளைகள். ஒன்று சிவந்து ஊதியிருந்தது, மற்றது வெளிறிச் சுருங்கியிருந்தது. சின்னவன் உடனே அழவில்லை. துணியால் துடைத்து முதுகைத் தேய்த்தோம். பிறகு பூனைக்குட்டியின் சத்தம் மாதிரி ஒன்று வந்தது. அந்தச் சத்தத்தோடு இரண்டு பேரையும் குறைமாதப் பிள்ளைகளின் அறைக்குக் கொண்டு போனார்கள், அங்கே இரண்டு இடம் காத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சின்னவன் இருந்திருக்கமாட்டான், அவனோடு மற்றவனும் போயிருக்கலாம் என்று பெரிய டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

ஜும்ஆ முடிந்து ஹாஜியார் திரும்பி வந்தார். நேரே என் மேசைக்கு வந்தார்.

“ரெண்டும் உசிரோடயா சிஸ்டர்?”

“ஓம் ஹாஜியார், அல்ஹம்துலில்லாஹ்.”

“என்ன புள்ள?”

“ரெண்டும் ஆம்புளப் புள்ள.”

அவர் விரல் மடித்துப் பார்த்தார். “இண்டைக்கு வெள்ளி. அப்ப வாற வியாழன் ஏழாம் நாள்.” மறுபடியும் விரலைப் பார்த்தார். “நாலும் சரியா வருதே!”

வாசலில் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்ற நபீசாவின் கணவரிடம் அவரே போய்க் கதைத்தார். அந்த மனிதர் கூச்சப்பட்டு வேண்டாம் என்றிருக்கிறார். ஹாஜியார் விடவில்லை. “தம்பி, இது உங்களுக்காக இல்ல. சமையல்காரன விடேலா. இந்த வியாழன் விட்டா மறுகா அவனப் புடிக்க ஏலா. எனக்கு ஒரு உதவி செய்யுங்க,” என்று கெஞ்சியிருக்கிறார். கோடீஸ்வரர் ஒருவர் ஓட்டோக்காரரிடம் தன் ஆட்டை அறுத்துத் தரச் சொல்லிக் கெஞ்சுவதை வாசல் காவலாளி கேட்டுவிட்டு வந்து வாட்டெல்லாம் சொன்னார். வியாழக்கிழமை நபீசாவின் பிள்ளைகளுக்கு அகீகா நடந்தது. பெயர் வைத்தார்கள், வாட்டுக்கும் பெரிய சஹன் தட்டு நிறையச் சோறு வந்தது. சமையல்காரருடைய பேர் சும்மா வந்ததில்லை என்பது அன்று எனக்கு விளங்கியது.

அடுத்த வாரம் ஹாஜியார் புதிய ஆடு பார்க்கப் போயிருந்த நேரத்தில் பர்ஹானாவுக்குத் தானாகவே நோவு கண்டது. முதல் பிள்ளையின் தலை சரியாகக் கீழே திரும்பியிருந்ததால் சிசேரியனே வேண்டாம் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். அவள் நடந்துதான் பிரசவ அறைக்குப் போனாள், போகிற வழியில் பின் ஜன்னலில் கொஞ்சம் நின்று காற்றும் வாங்கிக்கொண்டாள். ஒரு ஆண், ஒரு பெண். இரண்டும் வாட்டு அதிர அழுதன, எந்த விசேட அறையும் தேவைப்படவில்லை. ஹாஜியாருக்கு நான் போன் எடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, “மூணு,” என்றேன்.

இதைக் கேட்டுவிட்டு, சிகிச்சை எடுத்த தாய்மாரை இனிக் கவனிக்கத் தேவையில்லை என்று யாராவது போனால் நான் வீடு தேடி வந்து ஏசுவேன். அவர்களுக்கும் பிரஷர் ஏறும், பிள்ளை முந்திப் பிறக்கும், வயது கூடியவர்களுக்கு இன்னும் பல வில்லங்கம் வரும். சில வேளை அவர்களிலும் ஒரே கொடியில் இரண்டு பிள்ளை இருக்கும். எப்படி உண்டானது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிலோடு உங்கள் பார்வை நின்றுவிடக்கூடாது. உள்ளே எத்தனை கொடி, எந்தப் பிள்ளை வளர்கிறது, எது வளரவில்லை என்று வயிற்றைப் பார்த்துக் கட்டில் கொடுங்கள். நான் அந்த மாதமே கட்டில்களை மாற்றிவிட்டேன். மேசைக்குப் பக்கத்துக் கட்டிலில் யார் படுப்பது என்று தினமும் காலையில் புதிதாக யோசித்தோம். பழைய ஆட்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

நபீசாவின் சின்னவன் குறைமாதப் பிள்ளைகளின் அறையில் பல கிழமை கிடந்தான். அவன் ஒரு நாள் பால் குடிப்பான், மறுநாள் குடிக்கமாட்டான். அவள் மட்டும் ஒவ்வொரு நாளும் பகிடி சொல்லிக்கொண்டே வந்தாள். பார்க்க வருகிறவர்களெல்லாம், உனக்கென்ன, வீட்டில் இன்னும் இரண்டு இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னார்கள். அவளும் ஓம் ஓம் என்பாள்.

அவனைக் கையில் கொடுத்த நாள் அவள் என் மேசைக்கு முன்னால் பிள்ளையோடு வந்து உட்கார்ந்தாள். பெரியவனை அவளுடைய கணவர் வைத்திருந்தார். பர்ஹானாவும் தன் பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தவள், உம்மாவோடு அங்கே வந்தாள். அந்த உம்மா நல்ல மனுசி, நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

“நீ கொடுத்து வச்சவள் நபீசா. எங்களுக்கு எவ்வளவு கேட்டுத் தந்த. உனக்கு அல்லா கேக்காமலே தந்திரிக்கான்.”

நபீசா பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கேக்காமலா?” என்றாள். “ஆரு மாமி சொன்ன கேக்கல்ல எண்டு? அந்த அறைக் கண்ணாடிக்குப் பின்னால இவன் கிடந்த ஒவ்வொரு நாளும் கேட்டன். சத்தமாக் கேக்கல்ல. சும்மா வந்த புள்ளைக்கு அழுதா, ஆசைப்பட்டு அழுறாள் எண்டு ஆரு நினைப்பாங்க?”

அதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். “சிஸ்டர், இப்ப ஒருக்கா அழட்டா?” என்று கேட்டாள். அனுமதி கேட்கிறாள் என்பது எனக்கு விளங்கவே கொஞ்சம் நேரம் எடுத்தது. ஓம் என்று தலையை ஆட்டினேன். அவள் பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பர்ஹானா தன் பிள்ளையை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டாள். மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டதென்று ஒரு தாதி வந்து நின்றாள். கொஞ்சம் பிந்தட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.